நாற்காலிக்கு வாடகை இரண்டு பட்டன்

என் மருமகளிடம் குறை சொல்ல ஒன்றுமே இல்லை என்று தெருவே சொல்லும். தெருவுக்கென்ன, தெருவா அவளோடு ஒரே கூரைக்குக் கீழே குடித்தனம் நடத்துகிறது? கைமணம் உள்ளவள், எனக்கு முழங்கால் வலி என்றால் வெந்நீரோடு வந்து நிற்பவள், பெரியவர்களை எதிர்த்து ஒரு சொல் சொல்லமாட்டாள், எல்லாம் உண்மைதான். எதிர்த்துப் பேசாமலேயே தான் நினைத்ததைச் செய்து முடித்துவிடுவாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். எதிர்த்துப் பேசினாலாவது நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளலாம். "சரிங்க அத்தை" என்று தலையாட்டிவிட்டுப் போய் வேறு மாதிரி செய்கிறவளோடு எப்படிச் சண்டை போடுவது?

எங்கள் வீட்டின் முன்னறைதான் தையல் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஒரு நிலைக்கண்ணாடி, எனக்கு ஒரு முக்காலி. துணி வெட்டுவதும் தைப்பதும் என் மகன். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது என் வேலை. எனக்கு எழுத்து தெரியாது. அளவுச் சீட்டில் என் மகன் எழுதி வைப்பது எனக்கு வெறும் கிறுக்கல்தான். என் முக்காலியை விட்டு நான் எழுந்திருக்கிறதும் குறைவு. தெருவில் போகிற வருகிற எல்லாச் செய்தியும் அந்த முக்காலிக்கே வந்து சேர்ந்துவிடும்.

மருமகள் தெருக்கோடியில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். டீச்சர் என்றுதான் பெயர், வேலை நிரந்தரம் இல்லை. நிரந்தரமானவர்கள் வாங்குவதில் பாதிச் சம்பளம். வருஷக் கடைசியில் பள்ளிக்கூடக் கமிட்டி கூடி, இவளை நிலையாக வைத்துக்கொள்வதா, கும்பிட்டு அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யும். அந்த முடிவை நம்பித்தான் எங்கள் வீட்டில் எல்லாம் ஒத்திப்போடப்பட்டிருந்தது. மெஷின் பழசு, அதை மாற்றவேண்டும். கடைக்கூரையில் ஓர் இடத்தில் ஒழுகுகிறது. என் மகனுக்குக் குனிந்து குனிந்து முதுகு போயே போய்விட்டது. "எல்லாம் அவளுக்கு நிரந்தரம் ஆகட்டும்மா" என்பான். நானும் ஆகட்டும், ஆகட்டும் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு, புத்தகத்தில் இருப்பதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு வந்திருந்தால் முடிந்திருக்கும்.

அது அவளால் முடியாது. ஏன் முடியாது என்று சொல்வதற்கு முன்னால் ஃப்ரிட்ஜ் கதையைச் சொல்லவேண்டும்.

கணக்கில் அவள் சூரப்புலி. படித்த காலத்தில் கணக்கில் ஒரு மார்க் குறைந்தால் சாப்பிடமாட்டாளாம், அவளுடைய அம்மாவே சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தவணையில் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினாள். வேண்டாம் என்றேன். வட்டி கிட்டி எல்லாம் எனக்குத் தெரியாது, சமையலறையில் வைக்க இடமில்லை என்றுதான் சொன்னேன். "சரிங்க அத்தை" என்றாள். மறுநாள் ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது. சமையலறை வாசலில் நுழையவில்லை. கடையில் என் முக்காலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றிலிருந்து அதன் முதுகுச் சூடு என் தோளில்தான். மாசம் கொஞ்சம்தான், தெரியவே தெரியாது என்று சொல்லிக் கட்டிக்கொண்டு வந்தவள், கடைசித் தவணை கட்டிய அன்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாள். ஒரு ஃப்ரிட்ஜை வாங்கி ஒன்றரை ஃப்ரிட்ஜ் விலை கொடுத்திருக்கிறாள்.

அன்றைக்கு அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. போனது போகட்டும், தண்ணியாவது ஜில்லென்று இருக்கிறதே என்று தேற்றினேன்.

"வட்டிக் கணக்கு நூறு போட்டிருக்கேன் அத்தை" என்றாள். "பரீட்சையில வந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன். என் கையெழுத்துக்கு மேலயே வந்து நின்னப்ப எனக்கு அது கணக்குன்னே தோணலை."

அவ்வளவுதான், பிடித்தது சனி. என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் இப்படி ஏமாறக்கூடாது என்று கிளம்பிவிட்டாள். கணக்கைக் காகிதத்தில் போட்டால் காகிதத்திலேயே நின்றுவிடுமாம். கையால் தொட்டு, காலால் ஓடி, அழுது, சிரித்துக் கற்றுக்கொண்டால்தான் உடம்பில் ஏறுமாம். நான் ஐம்பது வருஷமாகக் காஜா எடுக்கிறேன், அழுதா கற்றுக்கொண்டேன் என்று கேட்டேன். "நீங்களும் துணியைத் தொட்டுத்தானே அத்தை கத்துக்கிட்டீங்க" என்றாள். எதிர்த்துப் பேசமாட்டாள் என்றேனே, இப்படித்தான்.

ஒரு நாள் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டாள் என்று நானே எடுத்துக்கொண்டு போனேன். வகுப்பு வாசலில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். தரையெல்லாம் சாக்பீஸ் கோடு, கோட்டில் எண்கள். ஒரு கூட்டம் அதன்மேல் முன்னால் குதிப்பதும் பின்னால் குதிப்பதுமாக இருக்கிறது. கேட்டால் அதுதான் கூட்டல் கழித்தலாம். ஒரு மூலையில் இருப்பது 'பேங்க்'காம். அதற்குள் ஒரு பொடியன் உம்மென்று உட்கார்ந்திருக்கிறான், வரிசையில் நிற்பவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதை மட்டும் ரொம்பச் சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு பெட்டி. வாரத்துக்கு ஒரு முறை அதிலிருந்து ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்கவேண்டும். திடீர்ச் செலவுப் பெட்டியாம் அது. சைக்கிள் பஞ்சர், வீட்டில் குழாய் உடைந்தது, பல் வலி என்று சீட்டில் என்ன வருகிறதோ அதற்கு உண்டான செலவைக் கட்டவேண்டும். ஒரு பையன் சீட்டைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக நின்றான்.

"மூணு வாரமா எனக்கே பல் வலி வருது டீச்சர். இந்நேரம் என் பல்லு மொத்தமும் கொட்டிப்போயிருக்கும்."

"அதுக்குத்தான் கொஞ்சம் சேர்த்து வைன்னு சொன்னேன்" என்று இவள் சிரிக்கிறாள்.

அந்த இரைச்சலில் நான் கூப்பிட்டது யார் காதிலும் விழவில்லை. பக்கத்து வகுப்புச் சரித்திர சார் வந்து வாசலில் நின்றார். பாவம், சாதுவான மனுஷர்.

"டீச்சர், அந்தப் பக்கம் ஒரு ராஜா செத்துக்கிட்டிருக்கார். கொஞ்சம் அமைதியா சாக விடுங்க" என்றார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணாடியை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சந்தைக்கடை டீச்சர் என்று அவளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்கே தலைவியான பெரிய டீச்சரம்மா இவளைக் கூப்பிட்டு, பிள்ளைகள் நன்றாகத்தான் கணக்குப் போடுகிறார்கள், ஆனால் கமிட்டியில் இருப்பவர்களுக்குக் காது இருக்கிறது, வருஷக் கடைசிவரை கொஞ்சம் அடக்கி வாசியுங்கள் என்று தன்மையாகச் சொன்னாராம். இவள் அங்கேயும் சரிங்க மேடம்தான்.

விளையாட்டின் சூத்திரம் இதுதான். வகுப்பில் உட்கார்கிற நாற்காலிக்குப் பிள்ளைகள் வாராவாரம் வாடகை கட்டவேண்டும். வாடகை கட்ட வேலை செய்யவேண்டும். பலகை துடைத்தால் கூலி, செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் கூலி, வீட்டுக்கணக்கைத் தப்பில்லாமல் போட்டால் கூலி. கட்டாதவர்கள் அடுத்த வாரம் தரையில். சேர்த்து வைத்தவர்கள் நாற்காலியைச் சொந்தமாகவே வாங்கிக்கொள்ளலாம், வாங்கியதை வாடகைக்கும் விடலாம். முதலில் கூலிக்கு அட்டை வெட்டிக் கொடுத்தாள். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா, வீட்டில் உட்கார்ந்து அட்டை வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கள்ள நோட்டு. வரையவும் முடியாத, வெட்டவும் முடியாத ஒன்று வேண்டும் என்று யோசித்தவளின் கண்ணில் என் பட்டன் டப்பா பட்டது.

அந்த டப்பா என் உயிர். கிழிந்த சட்டை எதையும் பட்டனைக் கழற்றாமல் நான் தூக்கி எறிந்ததில்லை. ஒரு பட்டன் தொலைந்து வருகிறவர்களுக்கு ஜோடி தேடிக் கொடுக்க அதில்தான் கைவிட்டுத் துழாவுவேன். தரமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சரிங்க அத்தை என்றாள். நான் கண் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து என் மகன் பாதி டப்பாவை அள்ளிக் கொடுத்துவிட்டான். பொண்டாட்டி கேட்டால் மெஷினையே கழற்றிக் கொடுப்பான் அவன். சட்டைக்கு வைக்கிற சின்ன வெள்ளைப் பட்டன் ஒன்று, கோட்டுக்கு வைக்கிற பெரிய கறுப்புப் பட்டன் என்றால் பத்து. நாற்காலிக்கு வாடகை வாரத்துக்கு இரண்டு. பட்டனை யாராலும் வரையமுடியாது அத்தை என்று பெருமையாகச் சொன்னாள்.

வரையமுடியாதுதான். அறுக்கமுடியுமே. தையல்காரன் பொண்டாட்டிக்கு, பட்டன் என்றால் டப்பாவில் கிடப்பது. ஊரில் மற்றவர்களுக்குப் பட்டன் இருப்பது சட்டையில். இது அவளுக்கும் தோன்றவில்லை, என் மகனுக்கும் தோன்றவில்லை. கோபத்தில் எனக்கும்தான் தோன்றவில்லை.

சில வாரம் கழித்துக் கடைக்குச் சட்டைகள் வர ஆரம்பித்தன. பட்டன் போய்விட்டது, வைத்துக்கொடுங்கள் என்று. முதலில் பள்ளிக்கூடச் சட்டைதான். மேல் பாக்கெட் பட்டன், கைப்பட்டன், பேன்ட்டுக்குள் இன் செய்துகொண்டால் உள்ளே மறைந்துபோகிற கடைசிப் பட்டன் என்று, யாரும் பார்க்காத இடமாகப் பார்த்துப் போயிருந்தது. பிறகு அப்பாக்களுடைய சட்டை வந்தது. பிறகு தலையணை உறை. வேலை குவிகிறதே என்று என் மகனுக்கு வாயெல்லாம் பல். தானாகத் தெறித்த பட்டன் என்றால் நூல் பிய்ந்து தொங்கும். இதில் நூல் கத்தரியால் வெட்டியதுபோல் இருந்தது. இந்தக் காலத்து நூல் அப்படி என்று என் மகன் சொன்னான். நானும் அதோடு விட்டுத் தொலைத்தேன். அன்றைக்கே நாலு பேரைப் பிடித்துக் கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அதே சமயத்தில் வீட்டில் மருமகள் ஆனந்தத்தில் மிதந்துகொண்டிருந்தாள். வகுப்பில் நாற்காலி வாடகை இரண்டிலிருந்து ஐந்தாகி, ஐந்திலிருந்து பதினைந்தாகிவிட்டதாம். நாலு நாற்காலிக்குச் சொந்தக்காரி ஒரு பெண் இருந்தாள். இரட்டைச் சடை, அதிர்ந்து பேசாது. பிள்ளைகள் அவளை முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் வலிக்காரர்கள் கையில் காசில்லாமல் விற்ற நாற்காலியை எல்லாம் வாங்கிப்போட்டிருந்தாள். அவள்தான் வாடகையை ஏற்றினாள், பேங்க் பையன் வட்டியை ஏற்றினான், பென்சில் கடைக்காரன் விலையை ஏற்றினான். விலைவாசி என்றால் என்ன என்று நான் ஒரு வார்த்தை சொல்லாமலே பிள்ளைகள் கண்ணெதிரே பார்க்கிறார்கள் அத்தை என்று குதித்தாள். எப்படி ஏறியது, தான் கொடுத்ததைவிட அதிகமாகப் பட்டன் எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டாமா கணக்கு டீச்சர்? வீட்டில் கிடக்கிற ஒன்றிரண்டைக் கொண்டுவருகிறார்கள்போல என்று நினைத்தாளாம்.

வாட்ச்மேன் கடைக்குள் வந்த அன்றைக்குத்தான் எல்லாம் வெளிச்சமாயிற்று. தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய கட்டடத்தில் காவல் வேலை அவருக்கு. ஆறடி ஆள். யூனிபார்ம் கோட்டைக் கொண்டுவந்து வெட்டு மேஜைமேல் போட்டார். முன்பக்கத்தில் நாலு பெரிய கறுப்புப் பட்டன் இருக்கவேண்டும். ஒன்றுகூட இல்லை. அவர் பையன் இவள் வகுப்பில்தான் படிக்கிறான், மூன்று வாரமாகப் பல் வலி வந்த அதே பையன். நாலு கறுப்புப் பட்டன் என்றால் நாற்பது ஆயிற்றே. தூங்குகிற அப்பாவின் கோட்டில் கத்தரியை வைத்துவிட்டான். மேலதிகாரி, திறந்த கோட்டோடு வாசலில் நிற்கக்கூடாது என்று மனுஷரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒரு நாள் சம்பளம் போயிற்று.

பையனை விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். என் மகனைப் பார்த்து அவர் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது.

"பொண்டாட்டி அறுக்க வைக்கிறா, புருஷன் தைச்சுக் காசு வாங்கறான், அம்மா பட்டன் விக்கிறாங்க. நல்ல குடும்பத் தொழில் நடத்துறீங்கப்பா."

என் மகன் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு அப்படியே நின்றான். அந்தக் கோட்டை அங்கேயே வாங்கி, டப்பாவைக் கவிழ்த்துத் தேடினேன், மூன்றுதான் ஒரே மாதிரி கிடைத்தது. நாலாவது கொஞ்சம் சின்னது. வைத்துக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்றேன். அவர் வேண்டுமென்றே காசை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பொழுது சாய்வதற்குள் அந்தப் பேச்சு தெருவெல்லாம் பரவிவிட்டது. குடும்பத் தொழில், குடும்பத் தொழில் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. வருஷக் கடைசியில் கூடவேண்டிய கமிட்டி இந்தச் சனிக்கிழமையே கூடுகிறது, பெற்றவர்களும் வருகிறார்கள் என்று.

அன்று சாயங்காலம் அவளை உட்காரவைத்துப் பேசினேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். போய் எல்லார் முன்னாலும் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல், இனி புத்தகம்தான் என்று சொல், கமிட்டிக்காரர்கள் மனசு இளகும், இந்தச் சம்பளத்துக்கு வேறு கணக்கு டீச்சர் அவர்களுக்குக் கிடைக்கப்போவதில்லை, நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் உன் ராஜ்யம் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனான். அதையும் பார்த்தாள்.

"பட்டனுக்கு மன்னிப்பு கேக்கறேன் அத்தை" என்றாள் கடைசியில். மற்றதற்கு, என்றேன். சரிங்க அத்தை என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

சனிக்கிழமை நானும் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பட்டன் என்னுடையது, நான் போகாமல் யார் போவது? கூடத்தில் பெற்றவர்கள் நிறைந்திருந்தார்கள். சில பேர் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எதிரே மேஜையில் பெரிய டீச்சரம்மாவும், கமிட்டித் தலைவரும். நோட்டுப் புத்தகக் கடை வைத்திருப்பவர் அவர். வாட்ச்மேன் முதலில் எழுந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார், சின்னப் பட்டன் தெரியட்டும் என்று. குடும்பத் தொழிலை மறுபடி ஒரு தடவை சொன்னார், சபை சிரித்தது. இன்னொரு அம்மா தலையணை உறைக் கதையைச் சொன்னார். அடுத்தவர் தன் கல்யாணச் சட்டை என்றார். நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மருமகள் எழுந்தாள். தப்பு தன்னுடையது என்றாள். பட்டன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை, பிள்ளைகள்மேல் கோபப்படாதீர்கள் என்றாள். அறுத்தது எல்லாவற்றையும் காசில்லாமல் தைத்துத் தருகிறோம் என்றாள். யார் தைப்பது? நான்தான் தைப்பது. என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை. ஆனாலும் நன்றாகத்தான் சொன்னாள், கூட்டத்தில் கொஞ்சம் சூடு தணிந்தது.

பெரிய டீச்சரம்மா அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி, இவளைக் கரையேற்றத்தான் பார்த்தார்.

"இனிமே விளையாட்டு கிடையாது, புத்தகத்துல இருக்கறது மட்டும்தான்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. தலைவர் இங்கேயே இருக்கார். நிரந்தரம் பண்றதை இன்னிக்கே முடிச்சிடலாம்."

தலைவர் தலையாட்டினார். எனக்குக் காதில் தேன் வார்த்தது போலிருந்தது. மெஷின், கூரை, முதுகு எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. சொல்லு, சொல்லு என்று அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்கு ஒரு நாளைக்குப் பத்துச் 'சரிங்க' சொல்கிறவள்தானே, அதில் ஒன்றை எடுத்து இங்கே போட்டால் போதும்.

"அதைச் சொல்ல முடியாது மேடம்" என்றாள். "சொன்னா ரெண்டு வாரத்துல மீறிடுவேன். எனக்கே தெரியும். அதை இப்பவே சொல்லிடறேன்."

எழுந்துபோய் ஒரு குத்து வைக்கவேண்டும் போலிருந்தது எனக்கு. தலைவர் பேனாவை மூடினார். பேனாவை மூடியதும் எங்கள் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

வாட்ச்மேன் இன்னும் உட்காரவில்லை. பக்கத்தில் நின்ற மகனைப் பிடித்து முன்னால் இழுத்தார். இவ்வளவு பேச்சு நடக்கிறதே, அப்படி என்ன அவசரம் வந்தது உனக்கு, அப்பன் கோட்டை அறுக்கிற அளவுக்கு என்று கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டே ஒப்பித்தான். பல் வலிக்காக நாற்காலியை விற்றது, அதே நாற்காலியில் வாடகைக்கு உட்கார்ந்தது, வாடகை ஏறியதும் முதலாளியம்மாவிடம் கடன் வாங்கியது. நாலு வாங்கினால் அடுத்த வாரம் எட்டாகக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் பதினாறு.

வாட்ச்மேன் முகம் மாறியது. "நாலுக்கு எட்டா? ஒரே வாரத்துலயா? யாருடா இதுக்கு ஒத்துக்கிட்டது?"

"நான்தாம்பா."

"எந்தப் பொண்ணு அது?"

முதலாளியம்மாவின் அம்மா எழுந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து நேராக வந்த களைப்பு முகத்தில் இருந்தது. "என் பொண்ணு யார் கையையும் பிடிச்சு இழுத்து வாங்க வெக்கலை. உங்க பையன்தான் வந்து கேட்டான்" என்றார்.

"கேட்டா இப்படித்தான் கழுத்துல துண்டைப் போடறதா?"

பின்வரிசையில் ஒருவர், அவளுடைய நாற்காலி, அவள் இஷ்டத்துக்கு வாடகை வைப்பாள், அதில் என்ன தப்பு என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், அதெப்படி, வாடகைக்கு ஓர் அளவு வேண்டாமா என்று அவரிடம் பாய்ந்தார். அவர் வாடகை வீட்டில் குடியிருப்பவர் என்று எல்லாருக்கும் தெரியும். தலையணை உறை அம்மா, பையன் முதலிலேயே சேர்த்து வைத்திருந்தால் இந்தப் பாடு உண்டா என்றார். மூணு வாரம் பல் வலி வந்தால் எங்கிருந்து சேர்த்து வைப்பது என்று வாட்ச்மேன் திரும்பினார். பட்டனை மறந்துவிட்டார்கள். ஆளாளுக்கு விரலை மடக்கிக் கணக்குப் போடுகிறார்கள். கமிட்டித் தலைவரே பேனாவைத் திறந்து, நாலு நாற்காலிக்குச் சொந்தக்காரி என்றால் வாரத்துக்கு எவ்வளவு என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய டீச்சரம்மா மேஜையைத் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம்.

கடைசியில் அந்த இரட்டைச் சடைப் பெண் எழுந்து நின்றாள். அவள் குரல் மெல்லிசு, அதனாலேயே எல்லாரும் வாயை மூடவேண்டியிருந்தது.

"நானா ஏத்தலை அங்கிள். எல்லார் கையிலயும் நிறைய பட்டன் வந்துடுச்சு. பென்சிலே பத்து பட்டன் ஆயிடுச்சு. ரெண்டு பட்டன் வாடகை வாங்கி நான் என்ன பண்றது?"

வாட்ச்மேன் மகனைக் குனிந்து பார்த்தார். "அப்ப என் கோட்டை அறுத்ததுல உனக்கு என்னதான்டா லாபம்?"

"ஒண்ணும் இல்லப்பா. எல்லாரும் அறுத்துட்டாங்க."

கூடம் சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்தார். குடும்பத் தொழிலை அவர் வாபஸ் வாங்கவும் இல்லை, அதைப் பற்றி மேற்கொண்டு பேசவும் இல்லை.

இதற்குப் பிறகு கமிட்டி மனம் மாறி மாலை போட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து தலைவர் சொன்னார். வேலையை விட்டு அனுப்பவில்லை. நிரந்தரமும் பண்ணவில்லை. இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம், அதே பாதிச் சம்பளம். விளையாட்டு வேண்டுமானால் வாரத்தில் இரண்டு நாள், பின்பக்கத் திடலில், சரித்திர சார் காதுக்கு எட்டாத தூரத்தில். வீட்டிலிருந்து ஒரு துரும்பும் வரக்கூடாது. பட்டன் என்ற பேச்சே கூடாது. அறுத்ததெல்லாம் டீச்சர் வீட்டுச் செலவில் தைத்துத் தரவேண்டும்.

அவள் ஏதோ லாட்டரி விழுந்தவளைப்போல வெளியே வந்தாள். "இன்னும் ஒரு வருஷம் கிடைச்சிருக்கு அத்தை" என்றாள். இன்னும் ஒரு வருஷம் பாதிச் சம்பளம் என்று நான் திருத்தினேன். அது அவள் காதில் ஏறவில்லை. அதோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன். சாப்பாட்டுக்கு உப்பு வேண்டுமென்றால்கூட மகனிடம் சொல்லி அவளிடம் கேட்டேன். அவன் முதுகு வலியோடு இதையும் சுமந்தான். அவள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அறுபட்ட சட்டைகளை எடுத்து என்னோடு பட்டன் வைத்தாள். நூலை இழுத்துக் கட்டத் தெரியவில்லை. அவள் வைத்ததை எல்லாம் அவள் தூங்கப் போனபின் பிரித்து நான் திரும்ப வைத்தேன். அதைச் சொல்லிக் காட்டலாம் என்றால் பேசுவதில்லை என்று சபதம் வேறு போட்டிருக்கிறேன். என்ன கொடுமை பாருங்கள்.

இப்போது கதை இன்னும் மோசம். பின்பக்கத் திடல் எங்கள் கடை வாசலுக்கு நேர் எதிரில்தான் முடிகிறது. சரித்திர சார் நிம்மதியாக ராஜாக்களைப் புதைக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் அந்த ஆர்ப்பாட்டம் முழுவதும் என் தலைமேல்தான். ஒருத்தன் ஏலம் போடுகிறான், ஒருத்தி தவணை கட்டவில்லை என்று யாரையோ துரத்துகிறாள், நடுவில் என் மருமகள் கையைத் தட்டிக்கொண்டு ஓடுகிறாள். இந்தத் தடவை எதைக் காசாக வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்வாள். சொன்னால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

போன வாரம் பேன்ட் தைக்க ஒருவர் வந்தார், தெருவுக்குப் புதுசு. என் மகன் டேப்பைத் தேடிக்கொண்டிருந்தான். திடலில் அலறல். என்னங்க அங்கே, அடிதடியா என்று எட்டிப் பார்த்தார்.

"கணக்குப் பாடம்" என்றேன்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். இதுவா பாடம், சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள், இந்த டீச்சரை எல்லாம் யார் வேலைக்கு வைத்தது என்று ஆரம்பித்தார். நான் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் அவரும் சொன்னார், வார்த்தைகூட மாறவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தேன்.

"அவளைத் திட்டறதுக்கு வீட்டுல நான் ஒருத்தி இருக்கேன்" என்றேன். "நீங்க நேரா நில்லுங்க, இடுப்பளவு எடுக்கட்டும்."